மாற்றுத்திறனாளி சான்றிதழில் 40 சதவீதம் என்றால் என்ன?

பார்வை, கேட்கும் திறன், மூட்டு அசைவு போன்றவற்றில் நிலைத்துவிட்ட இழப்பு எவ்வளவு என்று அரசு வகுத்த முறைப்படி அளந்து சொல்லும் எண் அது. மருத்துவர் கோணமானியை முழங்காலில் வைத்து எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்ப்பது இதற்காகத்தான். வலியையோ வறுமையையோ மட்டும் வைத்து அந்த எண் வராது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; அரசு வேலை ஒதுக்கீடு உள்ளிட்ட முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசற்படி.

பலரை வருத்துவது அடுத்த கணக்கு. காலுக்கு 40, கைக்கு 30 என்றால் 70 வராது. ஏற்கெனவே இழந்ததை மறுபடி எண்ணக்கூடாது என்பதால், இரண்டாவதை மிச்சமுள்ள திறனில் மட்டுமே கணக்கிடுவார்கள். ஆடித் தள்ளுபடியில் 40 சதவீதம் குறைத்த புடவைக்கு, மேற்கொண்டு தரும் 30 சதவீதத்தை மீதி விலையில் கழிப்பதைப் போல. மருத்துவர் குறைத்துவிட்டார் என்று தயவுசெய்து மனமுடைய வேண்டாம்.

அடையாள அட்டை கைக்கு வந்தால் மாத உதவித்தொகையும் தானாக வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்: தமிழ்நாட்டில் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.