ஒரே மெயிலில் ஆறு 'செக்'

கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "அமெரிக்க பையர் அனுப்பிய ஒரே மெயிலில் 'செக்' ஆறு இடத்தில் வருகிறது. சாம்பிள் துணியில் 'செக்' டிசைன் சரியாக இருக்கிறதா என்று 'செக்' பண்ணச் சொல்கிறார், படிவத்தில் ஒரு கட்டத்தை 'செக்' செய்யச் சொல்கிறார், சாம்பிளுக்கான 'செக்' வெள்ளிக்கிழமை வரும் என்கிறார், சரக்குக் கட்டணத்தை 'இன் செக்' வைக்கச் சொல்கிறார், கரூர் வருவதற்கு 'ரெயின் செக்' என்கிறார். வங்கிச் செக்கையும் 'கே' போட்டே எழுதியிருக்கிறார், அது பிழைதானே? பதிலில் நான் எப்படி எழுதுவது?"

பிழை இல்லை. அமெரிக்காவில் வங்கிச் செக்குக்கும் 'கே'யில் முடியும் எழுத்துதான். 'க்யூ, யூ, இ' என்று முடிப்பது பிரிட்டனின் வழக்கம், அதுவே நம் வழக்கமும்; காசோலைகளுக்கான 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்திலேயே (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) அப்படித்தான் இருக்கிறது. அதனால் அமெரிக்கருக்கு எழுதும்போது அவர் எழுதியதைப் போலவே எழுதுங்கள், உங்கள் வங்கிக்கு எழுதும்போது 'க்யூ' போடுங்கள். சரிபார்ப்பது, தடுப்பது, துணியில் கட்டம் எல்லாவற்றுக்கும் எந்த நாட்டிலும் 'கே' மட்டும்தான். சரிபார்க்கச் சொல்லும் இடத்தில் 'க்யூ' போட்டு எழுதுவதை நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிறேன், அதுதான் உண்மையான பிழை.

இப்போது அந்த ஆறு செக்குக்கு வருவோம். ஆறும் ஒரே சொல், அதன் வேர் ஒரு ராஜா. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனபோது, எதிராளியின் ராஜாவைத் தாக்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் "ஷா!" என்று குரல் கொடுப்பார். ஷா என்றால் அரசன். 'உன் அரசனைக் கவனி' என்ற எச்சரிக்கை அது. இந்த ஷா அரபுக்குப் போய், லத்தீனில் உருமாறி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, சுமார் 1300இல் ஆங்கிலத்துக்குள் 'செக்' ஆக நுழைந்தது. ஆட்டத்தின் பெயரான 'செஸ்' இதே சொல்லின் பன்மைதான். ஆக, நாம் "எதிர்க்கட்சிக்கு செக் வைத்தார்" என்று சொல்கிறோமே, அது கொச்சை இல்லை, அந்தச் சொல்லின் முதல் பொருளை அப்படியே பிடித்து வைத்திருக்கும் பேச்சு.

ராஜாவுக்கு செக் விழுந்தால் வேறு எதையும் செய்ய முடியாது, மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அந்த 'நிறுத்து' என்பதிலிருந்துதான் தடுத்தல், அடக்குதல் என்ற பொருள் பிறந்தது. உங்கள் பையர் சரக்குக் கட்டணத்தை 'இன் செக்' வைக்கச் சொல்வது இதுதான், கட்டுக்குள் வையுங்கள் என்கிறார். ஒன்றைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்றால் அடிக்கடி சரிபார்க்கத்தானே வேண்டும், அப்படித்தான் 17ஆம் நூற்றாண்டில் சரிபார்த்தல் என்ற பொருளும் வந்து சேர்ந்தது. இன்று நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இது. வந்த வரிசையில் பார்த்தால் ரொம்பப் பின்னால் வந்தது. படிவத்தில் கட்டத்தை 'செக்' செய்வது அதன் அமெரிக்கக் கிளை. நாம் 'டிக் போடுங்கள்' என்போம், அவ்வளவுதான்.

துணிக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு 'எஷெக்கியே' என்று பெயர். பலகையின் கட்டங்களைப் போலக் கட்டம் போட்ட எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, மெட்ராஸ் செக் வரைக்கும். ஆனால் இதே பலகை இங்கிலாந்தின் கஜானாவுக்குள்ளும் போனது. 12ஆம் நூற்றாண்டில் மாவட்ட வரிக் கணக்கை முடிக்க ஷெரிஃபுகள், அதாவது மன்னரின் மாவட்ட அதிகாரிகள், ஆண்டுக்கு இரண்டு முறை வருவார்கள். பத்தடி நீளம், ஐந்தடி அகல மேஜை, மேலே கட்டம் பிரித்த துணி, கட்டங்களில் வில்லைகளை நகர்த்திக் கணக்கு. ரோமன் எண்களை எழுதிக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு, அதனால் இந்தத் துணி. கஜானா அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் இதைப் பற்றி எழுதும்போது, சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவதைப் போல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்கிறார். அந்த மேஜைத் துணியால் அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரிட்டன் நிதியமைச்சர் இன்றைக்கும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

வங்கிச் செக் இந்த மேஜையிலிருந்து நேராக வரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோசடியைத் தடுக்கவும் சரிபார்க்கவும் வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் 'செக்' என்று பெயர். அப்புறம் அடிக்கட்டையின் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே மாறிவிட்டது. எக்ஸ்செக்கரின் எழுத்தைப் பார்த்து பிரிட்டனில் 'க்யூ' போட ஆரம்பித்தார்கள், 19ஆம் நூற்றாண்டில் அது நிலைத்தது. அதாவது உங்கள் பையர் எழுதியதுதான் பழைய எழுத்து. நம் 'காசோலை' இந்தக் குழப்பம் எதிலும் சிக்காமல் தெளிவாக நிற்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

கடைசியாக 'ரெயின் செக்'. மழை வருமா என்று பார்ப்பது அல்ல இது, இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1880களில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், கையில் இருக்கும் டிக்கெட் துண்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டத்தைப் பார்க்கலாம், அந்தத் துண்டுதான் ரெயின் செக். ரயிலில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வாங்கும் பித்தளை வில்லைக்கும் அங்கே 'செக்' என்றுதான் பெயர், விமானத்தில் பெட்டியை 'செக் இன்' செய்வதும் அதே வழி. ஆக உங்கள் பையர் சொல்வது: இப்போது முடியாது, இன்னொரு சமயம் வருகிறேன். சிலர் பணிவாக மறுக்கவும் இதைச் சொல்வதுண்டு, இருந்தாலும் அழைப்பைத் திறந்து வைப்பது உங்கள் கையில். சாம்பிள் போய்ச் சேர்ந்ததும், உங்களுக்கு வசதியான இரண்டு மாதங்களைக் குறிப்பிட்டு மறுபடியும் கூப்பிடுங்கள்.