மாநில நெடுஞ்சாலை 15: ஈரோட்டிலிருந்து கோத்தகிரி வழியாக உதகை வரை (கேள்வி பதில்)

கேள்வி: ஈரோடு – உதகை சாலை எந்த ஆண்டில் போடப்பட்டது?

பதில்: ஒரே ஆண்டைச் சொல்ல இயலாது. ஈரோடு, கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், சிறுமுகை, மேட்டுப்பாளையம், கோத்தகிரி, உதகை எனச் செல்லும் இத்தடம், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காக உருவான பாதைகளை ஒரே எண்ணின்கீழ் சேர்த்ததாகும். சத்தியமங்கலம் வட்டாரம் மைசூருக்கான படைவழியில் இருந்தது. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கெஜலட்டிக் கணவாய் வழியே இறங்கிவந்து, இங்குதான் ஆங்கிலேயப் படையுடன் மோதினார். மலைப்பகுதியின் கதை முற்றிலும் வேறு.

கேள்வி: குன்னூர் வழி தேசிய நெடுஞ்சாலையாக இருக்கிறது. கோத்தகிரி வழி மட்டும் ஏன் மாநில நெடுஞ்சாலை? பிற்பாடு வந்த சாலை என்பதாலா?

பதில்: முந்தியது கோத்தகிரி வழியே. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறிய பின், லெப்டினன்ட் மக்பர்சனின் மேற்பார்வையில் 1821 முதல் 1823 வரை சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. இன்றைய சாலையோ மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறது. ஆகவே, இதன் ஒவ்வொரு வளைவையும் மக்பர்சன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பலரும் அப்படித்தான் எழுதிவிடுகிறார்கள்.

1830-களில் குன்னூர் மலைப்பாதை திறக்கப்பட்டதும் போக்குவரத்து மெல்ல அங்கே நகர்ந்தது. 1899-இல் மலை இரயிலும் குன்னூருக்கே சென்றதால், கோத்தகிரி வழி இரண்டாமிடத்திற்குப் போயிற்று. குன்னூர்த் தடம் பின்னர் தேசிய நெடுஞ்சாலை 67-இல் சேர்ந்தது. நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது 181 ஆயிற்று. மூத்த வழிக்கு மாநில எண்ணே மிஞ்சியது என்பது என் கருத்து.

கேள்வி: வழியில் நிற்கும்போது எது எந்தச் சாலை என எப்படி அறிவது?

பதில்: கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதியைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைக் கடந்து, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் சாலை பிரிந்த பிறகு இந்த வேறுபாட்டைக் கவனிக்கலாம்.

கேள்வி: டணாய்க்கன் கோட்டை இச்சாலையில் எங்கே உள்ளது?

பதில்: இப்போது சாலையில் இல்லை. கெஜலட்டிக் கணவாயின் அடிவாரத்தைக் காத்த அக்கோட்டை, 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்புக்குள் மூழ்கிவிட்டது. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் கோடைகளில் அங்குள்ள பழைய கோயில் வெளியே தெரியும்.

கேள்வி: கோடை சீசனில் எந்த வழியாகச் செல்லலாம்?

பதில்: நெரிசலைத் தவிர்க்க, குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் காவல்துறை ஒருவழி ஏற்பாடு செய்வது வழக்கம். நாட்கள் ஆண்டுதோறும் மாறுவதால், புறப்படுமுன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.