தரை டிக்கெட் ரசனை: ஓய்வுபெற்ற ஆபரேட்டரிடம் சில கேள்விகள்

1968இல் ஒரு டூரிங் டாக்கீஸில், அதாவது ஊர் மாறி ஊர் போடும் தற்காலிகக் கொட்டகையில், எடுபிடியாகச் சேர்ந்து, புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டராகி, பிறகு ஊர்த் திரையரங்கின் கேபினுக்குள்ளேயே தலை நரைத்தவன் நான். இடையில் சில ஆண்டுகள் ஞாயிறுதோறும் ஒரு திரைப்படச் சங்கத்துக்கும் பதினாறு எம்.எம். புரொஜெக்டரில் படம் ஓட்டினேன். இரண்டு பந்தியிலும் சாப்பிட்டவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு எரிச்சலோடும் பதில் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வங்கி ஊழியர், தஞ்சாவூர்): பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் சத்யஜித் ராயின் கலைப்படமான ‘பதேர் பாஞ்சாலி’ என்று சொல்லிவிடுகிறேன். உண்மையில் நான் இருபது தடவைக்கு மேல் பார்த்தது ‘காதலிக்க நேரமில்லை’. இது போலித்தனமா ஐயா?

பதில்: ‘பதேர் பாஞ்சாலி’யை எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே! ஒரே தடவைதான், அதிலும் பாதியில் காபி குடிக்க எழுந்து போனீர்கள் என்றால் போலித்தனம்தான். மற்றபடி இரண்டும் பிடிக்கும் என்று சொல்ல என்ன கூச்சம்?

‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கத் துடிக்கும் மகன், அப்பாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்கிறான். அவ்வளவுதான் காட்சி. நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிக் கதையை நகர்த்துகிறார். பாலையாவுக்கு வசனம் அதிகம் இல்லை. பயம் படிப்படியாக அந்த முகத்தில் ஏற வேண்டும், அதுதான் அவர் வேலை. ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் காட்சி செத்துவிடும்.

1969இல் அந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தபோது இரண்டு வாரம், நாளைக்கு இரண்டு ஆட்டம் ஓட்டினேன். முதல் நாள் கேபின் ஓட்டை வழியாக நாகேஷைப் பார்த்தேன். நான்காம் நாளிலிருந்து பாலையாவை மட்டுமே பார்த்தேன். இரண்டாவது வாரம் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். சிரிப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே இடத்தில்தான் வெடிக்கும். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சியை நகர்த்திச் சரிசெய்ய எனக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை, அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது.

இதை எடுத்த ஸ்ரீதர், 1959இல் ‘கல்யாணப் பரிசு’, 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று ஊரையே அழவைத்தவர். அழவைக்கத் தெரியாமல் சிரிக்கவைக்க வந்தவர் அல்ல. 1966இல் இந்தப் படம் இந்திக்குப் போனபோது அதே காட்சியை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்தார்கள். மொழி மாறியும் சிரிப்பு பிழைத்தது. இப்படி வேறு மண்ணிலும் வேர் பிடிக்கிற ஒன்றைச் சாதாரணப் பொழுதுபோக்கு என்று எப்படித் தள்ளுவது?

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): “மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் படம் பிடிக்கும்” என்கிறார்களே, நீங்களும் அந்தக் கட்சிதானா?

பதில்: அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். படத்தைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு படத்தையும் பார்ப்பவரையும் சேர்த்து இழிவு செய்யும் வாக்கியம் அது. 1990இல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜ’னை மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்துப் பாருங்கள். நான்கு கமல்ஹாசன்களில் யார் எந்த அறைக்குள் நுழைந்தார், யார் யாரென்று எவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சிரிக்க முடியும். கல்யாணச் சமையல் சாம்பாரில் மீன் விழும் காட்சி வயிற்றைப் புண்ணாக்குவதற்குக் காரணம், அந்தப் பந்தியில் உட்காரப்போகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரிந்திருப்பது. மூளை வீட்டில் இருந்தால் அது வெறும் மீன்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): ‘உலக சினிமா’ என்றால் சரியாக என்ன?

பதில்: நம்மூரைத் தவிர்த்த உலகம் என்று பொருள் வைத்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தம்பி. குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 1954இல் ஜப்பானில் பெரிய நட்சத்திரங்களோடும் பெரிய செலவோடும் எடுக்கப்பட்ட வணிகப் படம். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். சண்டை உண்டு, நகைச்சுவை உண்டு, காதல் உண்டு, மழையில் இறுதிப் போர் உண்டு. மூன்றரை மணி நேரத்துக்கு மூன்றே நிமிடம் குறைவு. நடுவில் இடைவேளையும் உண்டு! இடைவேளை விடுகிற படம் கலைப்படமே இல்லை என்று எங்கள் சங்கத்தில் ஒருவர் வாதிடுவார். இந்த ஒரு தகவலைச் சொல்லித்தான் அவர் வாயை அடைத்தேன்.

சத்யஜித் ராயையும் சொல்லிவிடுகிறேன். ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்த அதே கை, 1969இல் தாத்தா எழுதிய கதையை வைத்து ‘கூபி கைன் பாகா பைன்’ எடுத்தது. பாடத் தெரியாத ஒருவன், மேளம் அடிக்கத் தெரியாத ஒருவன், அவர்களுக்கு மூன்று வரம் தரும் பேய்களின் ராஜா, காட்டில் ஒரு நீண்ட பேய் நடனம். வங்கத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. குழந்தைகளுக்கு ஒரு படம் எடுங்கள் என்று மகன் கேட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். ராயைப் பூசை அறையில் வைத்திருப்பவர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்சம் நெளிவார்கள், கவனித்திருக்கிறேன்.

கேள்வி (காட்சித் தொடர்பியல் மாணவி, திருச்சி): என் அப்பா பழைய படப் பாட்டு வந்தால் இப்போதும் விசிலடிக்கிறார். வகுப்புத் தோழிகளோடு திரையரங்குக்குப் போனபோதும் அடித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இப்படி நினைப்பது தவறா?

பதில்: அவமானம் வந்தது தவறில்லை அம்மா, வயது அப்படி. ஆனால் எதைப் பார்த்து வந்தது என்று யோசியுங்கள். படத்தைப் பார்த்தா, அப்பா எந்த இருக்கையில் உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்தவர் என்பதைப் பார்த்தா?

‘தரை டிக்கெட் ரசனை’ என்ற சொல்லை நான் கேட்காத நாளில்லை. தரை டிக்கெட் என்றால் இருப்பதிலேயே மலிவான டிக்கெட். எங்கள் கொட்டகையில் தரை என்றால் மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குவிப்பார். இடைவேளைக்குள் கொட்டகை மேடும் பள்ளமுமாகிவிடும். புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்ற மூன்று இடைவேளை விடுவோம். மூன்று தடவையும் முறுக்கு விற்கும். சனிக்கிழமை கூலி வாங்கிய செங்கல் சூளை ஆட்கள் குடும்பத்தோடு இரண்டாம் ஆட்டத்துக்கு வருவார்கள். கையில் காய்ப்பும் வெடிப்பும் இருக்கும். சிரிப்புக் காட்சியில் அந்தக் கைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தத்துக்குத் தனி கனம் உண்டு, மரக்கட்டைகள் மோதுவது போல.

தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து ஒரு கலையைப் பார்த்த முதல் இடம் திரையரங்கம் என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கூரை ஒன்று, தரையும் பெஞ்சும் நாற்காலியும் வேறு வேறு. அந்தப் பிரிவைத்தான் இன்று ‘ரசனை’ என்ற பெயரில் திரும்பக் கட்டுகிறோம் என்பது என் எண்ணம். துன்பப்படுகிறவர்களுக்கும் உழைத்துக் களைத்தவர்களுக்கும் உரிய வேளையில் இளைப்பாறுதல் தருவது என்று நாட்டிய சாஸ்திரமே கூத்துக்கு இலக்கணம் சொல்கிறது. சாஸ்திரத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த இடத்தை மட்டும் தாண்டிவிடுகிறார்கள். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ற கோமாளி இருக்கிறான். திரௌபதி துகிலுரியப்படும் இரவில்கூட அவன் வந்து ஊர் வம்பு பேசிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவான். அதனால் யாரும் திரௌபதிக்காக அழாமல் எழுந்து போனதில்லை.

அப்பாவிடம் விசிலடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாக்கை மடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு இன்றுவரை வரவில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, மதுரை): நீங்கள் பேசுவது இனிமையாக இருக்கிறது. ஆனால் விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்றும், ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்வதை நகைச்சுவை என்றும் காட்டும் படங்களையும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட வேண்டுமா? என் மாணவர்கள் அந்த வசனங்களைத்தான் வகுப்பில் பேசுகிறார்கள்.

பதில்: விடக்கூடாது, அம்மா. இங்கே நான் பின்வாங்குகிறேன், முழுமனத்தோடு.

என் கதையையே சொல்கிறேன். ஒரு படத்தில் கறுப்பான பெண் ஒருத்தியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அலறி ஓடுவதாக ஒரு காட்சி. அரங்கம் அதிர்ந்தது, நானும் கேபினில் சிரித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி கேபின் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறம் அந்தப் பெண்ணின் நிறம்தான். ஒன்றும் சொல்லவில்லை. தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாடு கொண்டுவரவில்லை, பையனிடம் கொடுத்தனுப்பினாள். எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே “வெறும் பொழுதுபோக்குதானே” என்பதைக் கேடயமாகப் பிடிக்கிறவர்களோடு நான் இல்லை. ஒரு படத்தை ‘இது யாரை மிதித்துச் சிரிக்கிறது’ என்று கேட்பது விமர்சகரின் கடமை. நான் எதிர்ப்பது வேறொரு பழக்கத்தை. படத்தைப் பார்க்காமலே, அதைப் பார்க்கப் போன கூட்டத்தை வைத்து மதிப்பெண் போடுகிறார்களே, அதை. நீங்கள் செய்வது முதல் வகை. தொடர்ந்து செய்யுங்கள்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், சேலம்): மெதுவாகப் போகும் படங்களைப் பார்த்தால் தூக்கம் வருகிறது. எனக்கு ரசனை இல்லையா?

பதில்: பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்தால் யாருக்கும் தூக்கம் வரும். விடுமுறை நாளில் பாலுமகேந்திராவின் ‘வீடு’ பாருங்கள், 1988இல் வந்தது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் போய்ப் பார்ப்பார். பேச்சே இல்லை. சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், இளையராஜாவின் இசை மட்டும் கூடவே போகும். அந்த நடை மெதுவாகத்தான் இருக்க வேண்டும், அந்த வயதுக்கு அதுதான் வேகம். அங்கேயும் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், குற்றமில்லை. ஆனால் பார்க்காமலே “அவார்டு படம்” என்று சிரிக்காதீர்கள். அதுவும் மேட்டிமைதான், திசை மட்டும் வேறு. இதே பாலுமகேந்திரா 1995இல் ‘சதி லீலாவதி’ எடுத்து நம்மைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற அரசு அலுவலர், வேலூர்): விருதுக் குழுக்கள் ஏன் ஜனரஞ்சகப் படங்களை ஒதுக்குகின்றன?

பதில்: முழுக்க ஒதுக்குவதில்லை, தனிப்பந்தி போடுகிறார்கள். தேசிய விருதுகளில் 1975ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, ஆரோக்கியமான பொழுதுபோக்கு தரும் சிறந்த ஜனரஞ்சகப் படம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நம் ‘ஆட்டோகிராஃப்’ அதைப் பெற்றது. சிறந்த படம் ஓரிடத்தில், ஜனங்களுக்குப் பிடித்த சிறந்த படம் இன்னோரிடத்தில்! ஹாலிவுட்டிலும் இதே கதைதான். ஹிட்ச்காக் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறையும் கிடைக்கவில்லை. அவருடைய ‘வெர்டிகோ’ 2012இல் உலக விமர்சகர்களின் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தபோது அவர் இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீங்கள் அரசு அலுவலர் என்பதால் ஒன்று சொல்கிறேன், ரசிப்பீர்கள். 1939ஆம் ஆண்டுக் கேளிக்கை வரிச் சட்டம் நடைமுறையில் இருந்தவரை டிக்கெட் கிழித்த எல்லாமே கேளிக்கைதான். அழுகைப் படத்துக்கும் அதே பெயரில்தான் வரி விதித்தார்கள்.

கேள்வி (இல்லத்தரசி, ஈரோடு): ஒன்பது வயது மகனுக்கு நல்ல சினிமாவை அறிமுகப்படுத்த எங்கே தொடங்குவது?

பதில்: மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனில். 1928இல் வந்த ஒரு படத்தில் வீட்டின் முன்சுவர் முழுசாக அவர்மேல் சாயும், அவர் நிற்குமிடத்தில் சரியாக மாடிச் சன்னல் திறப்பு வந்து அவரைக் காப்பாற்றும். தந்திரக் காட்சி இல்லை, உண்மையான சுவர். பையன் முதலில் சிரிப்பான், பிறகு “எப்படிம்மா எடுத்தார்கள்?” என்று கேட்பான். அந்தக் கேள்வி வந்தால் போதும். வராவிட்டாலும் சிரித்தது நஷ்டமில்லை.

கேள்வி (பெயர் எழுதவில்லை): தரை டிக்கெட்டை ஒரேயடியாகத் தூக்கிப் பேசுகிறீர்கள். கலைப்படம் பார்க்கிறவர்கள்தான் கூர்ந்து பார்க்கிறார்கள், மற்றவர்கள் நேரம் போக்க வருகிறார்கள் என்பது உண்மையில்லையா?

பதில்: என் தொழிலில் நான் செய்த ஒரே தப்பை இரண்டு இடத்திலும் செய்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் ஒரு ஞாயிறு, ஐரோப்பியப் படம் ஒன்று. காய்ச்சலோடு வந்திருந்தேன். இரண்டாவது ரீலுக்குப் பதில் மூன்றாவதை மாட்டிவிட்டேன். பாதியில்தான் எனக்கே தெரிந்தது, நிறுத்தப் பயந்து அப்படியே ஓட்டினேன். படம் முடிந்து கலந்துரையாடல் நடந்தது. இயக்குநர் காலத்தைக் கலைத்துப் போட்டிருக்கும் துணிச்சலைப் பற்றி ஒருவர் கால் மணி நேரம் பேசினார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்தேன்.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், கொட்டகையில் ஒரு சண்டைப் படம். அங்கும் ரீலை மாற்றி மாட்டினேன். முக்கால் நிமிடம்கூட ஓடியிருக்காது. மணல் மேட்டிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது: “யப்பா, அந்தத் தம்பிக்கு இன்னும் கையில் கட்டுப் போடவே இல்லையே!”