ஈக்குவடோரியல் கினியா பெண்கள் கால்பந்து அணி ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது சொந்தத் திறமையிலா, இறக்குமதி ஆட்களாலா?

கேட்டவர் கேள்வியோடு இப்படிச் சேர்த்திருக்கிறார்: "இத்துனூண்டு நாடு. 2008, 2012 என்று இரண்டு தடவை ஆப்பிரிக்கக் கோப்பையை அடித்திருக்கிறது. அப்புறம் ஆளையே காணோம். பிரேசில் பெண்களுக்குக் குடியுரிமை கொடுத்து ஆட வைத்தார்கள் என்கிறார்களே, அப்படியென்றால் அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு?"

ஆட்களை இறக்கியதும் உண்மை, ஆடி ஜெயித்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது. ஆனால் இந்தக் கதையில் குறுக்கு வழியில் போனவர்கள் ஒரு கூட்டம், அதற்கு அடி வாங்கியவர்கள் வேறு கூட்டம். அதைப் பிரித்துப் பார்க்காமல் "ஏமாற்றுக்கார அணி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் நாட்டைப் பற்றி. ஸ்பெயினிடமிருந்து 1968இல் விடுதலை பெற்றது. நீண்ட காலம் தலைநகராக இருந்த மலாபோ கடலுக்குள் பியோகோ தீவில் இருக்கிறது; பெரிய ஊரான பாட்டா கண்டத்தின் கரையில் இருக்கிறது. 2015 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 12 லட்சம். பக்கத்திலேயே நைஜீரியா, 2008 வாக்கிலேயே 14 கோடியைத் தாண்டிய நாடு. தொண்ணூறுகளின் நடுவில் எண்ணெய் கிடைத்ததும் காசு கொட்டியது. கொட்டிய காசு ஜனங்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை. 1979இலிருந்து ஒரே ஜனாதிபதி என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். விளையாட்டில் இந்த நாட்டை உலகம் முதலில் கவனித்தது 2000 சிட்னி ஒலிம்பிக்கில். எரிக் முசாம்பானி என்பவர் 100 மீட்டர் நீச்சலில் கூட நீந்த வேண்டிய இருவரும் தகுதியிழக்க, தன்னந்தனியாக, தத்தளித்துக்கொண்டே நீந்தி 1 நிமிடம் 52.72 நொடியில் கரை சேர்ந்தார். உலகமே சிரித்தது, கைதட்டவும் செய்தது.

எட்டே வருஷம் கழித்து அதே நாட்டுப் பெண்கள் நைஜீரியாவைச் சாய்த்தார்கள். 2008 வரை ஆப்பிரிக்கப் பெண்கள் சாம்பியன்ஷிப் என்றாலே நைஜீரியாதான். 1991இல் தொடங்கியதிலிருந்து வேறு எந்த நாடும் பட்டத்தைத் தொட்டதில்லை. அந்த வருஷம் போட்டியை நடத்தியது ஈக்குவடோரியல் கினியா. அரையிறுதியில் நைஜீரியாவை 1-0, இறுதியில் தென்னாப்பிரிக்காவை 2-1. சொந்த ஊர், சொந்தக் கூட்டம், எல்லாம் சாதகம்தான். ஆனாலும் நைஜீரியாவை வீழ்த்தக் கூட்டத்தின் சத்தம் மட்டும் போதாது.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், ஆட்களைத் திரட்டினார்கள். பிரேசிலில் பிறந்தவர்கள், நைஜீரியாவில் பிறந்தவர்கள், கேமரூனில் பிறந்தவர்கள் என்று அணிக்குள் பலர் இருந்தார்கள். 2011 உலகக் கோப்பைக்குப் போனபோது பயிற்சியாளரே பிரேசில்காரர், மார்செலோ ஃப்ரிஜேரியோ. ஆண்கள் அணியிலும் இதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

குடியுரிமை கொடுப்பது அந்தந்த நாட்டின் உரிமை. ஆனால் பாஸ்போர்ட் கையில் வந்தாலே தேசிய அணியில் ஆடிவிட முடியாது. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட காலம் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா. 2004இல் கத்தார் காசு கொடுத்து பிரேசில் ஆட்டக்காரர்களை இழுக்கப் பார்த்தபோதுதான் இந்தக் கடிவாளம் வந்தது. முதலில் இரண்டு வருஷம் வாழ்ந்தால் போதும் என்றிருந்ததை, 2008இல் சிட்னி மாநாட்டில் பதினெட்டு வயதுக்குப் பிறகு ஐந்து வருஷம் என்று இறுக்கினார்கள். பிரேசிலில் கிளப்பில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருத்தி மலாபோவில் ஐந்து வருஷம் குடியிருந்தாள் என்று எப்படிக் காட்டுவது? காகிதத்தில்தான் காட்ட வேண்டும். பிற்பாடு வந்த வினையெல்லாம் அந்தக் காகிதத்தில்தான்.

ஆனால் இந்த அணியின் உயிர்நாடி இறக்குமதி அல்ல. ஹெனோவேவா அன்யோன்மா உள்ளூர்ப் பெண், 1989இல் பிறந்தவர். ஸ்ட்ரைக்கர், அணித்தலைவி. ஜெர்மனிக்குப் போய் முதலில் யேனா, பிறகு டர்பைன் போட்ஸ்டாம் கிளப்புகளில் ஆடியவர். 2011-12 சீசனில் ஜெர்மன் லீகில் அதிக கோல் அடித்தவர் இவர்தான், 22 கோல். அந்த வருஷம் லீகை வென்றதும் போட்ஸ்டாம். ஜெர்மன் பெண்கள் லீக் அன்றைக்கு உலகத்திலேயே கடினமான லீகுகளில் ஒன்று. அங்கே முதலிடத்தில் நின்ற ஒருத்தியைப் பார்த்து "வாங்கிய வெற்றி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். நன்றாக ஆடினால், வேகமாக ஓடினால், தோள் அகலமாக இருந்தால் "இவள் பெண்ணே இல்லை" என்பது பெண்கள் விளையாட்டில் தோற்றவர்கள் கையில் எடுக்கும் பழைய ஆயுதம். 2008 பட்டத்துக்குப் பிறகு அது அன்யோன்மா மேல் பாய்ந்தது. அந்தப் போட்டி முடிந்த கையோடு, அதிகாரிகள் முன்னிலையில் தன்னை உடை களையச் சொல்லி சோதித்தார்கள் என்று 2015இல் பிபிசிக்கு அவரே சொன்னார். மருத்துவப் பரிசோதனை என்று சொல்லத்தக்க எந்த முறையும் இல்லை. அழுததாகவும், பெரிய அவமானமாக இருந்ததாகவும் சொன்னார். ஒரு கண்டத்தின் கோப்பையை வாங்கித் தந்த பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை அது.

2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டியில் இறுதியில் நைஜீரியாவிடம் 4-2 என்று தோற்றார்கள். ஆனாலும் இரண்டாம் இடம் வந்ததால் 2011 உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தது. உடனே பழைய புகார் மறுபடி கிளம்பியது. அன்யோன்மாவோடு அணியில் ஆடிய சகோதரிகள் இருவரின் பெயரும் அடிபட்டது. சகோதரிகள் இருவரும் உலகக் கோப்பை அணியில் இல்லை. அன்யோன்மா போனார். எல்லார் கண்ணும் தன் உடம்பின் மேலேயே இருக்கிறது என்று தெரிந்தும் போனார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜெர்மனியில் நடந்த அந்த உலகக் கோப்பையில் இவர்களுக்கு வாய்த்த குரூப்பைப் பாருங்கள்: பிரேசில், நார்வே, ஆஸ்திரேலியா. வந்திருந்த பதினாறு அணிகளில் தரவரிசையில் கடைசி இவர்கள்தான். நார்வேயோடு 84ஆவது நிமிடம் வரை கோல் விடாமல் தாங்கி, கடைசியில் 1-0 என்று தோற்றார்கள். நார்வே 1995இல் உலக சாம்பியன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜூலை 3, போஹும் நகரில் ஆஸ்திரேலியாவோடு. நம்மூர் நேரப்படி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த ஆட்டம். எட்டாவது நிமிடத்திலேயே லீனா காமிஸ் ஆஸ்திரேலியாவுக்கு கோல் போட்டுவிட்டார். பதினாறாவது நிமிடம் வாக்கில் மறுபடி ஒரு தாக்குதல், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தைப் பெனால்டி பகுதிக்குள் நின்ற டிஃபெண்டர் ப்ரூனா இரண்டு கையாலும் பிடித்தார்! கோல்கீப்பர் இல்லை, டிஃபெண்டர். தட்டவில்லை, கையில் உரசவில்லை. ஏதோ விசில் ஊதிவிட்ட மாதிரி நிதானமாகப் பிடித்து, ஒரு நொடிக்கு மேல் வைத்திருந்து, பிறகு கீழே போட்டார். ஆஸ்திரேலியப் பெண்கள் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். கியோன்கி கால் என்ற ஹங்கேரி நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். பிடித்த ப்ரூனாவின் முகத்தைப் பார்த்தால் அவராலேயே நம்ப முடியாதது போல் இருந்தது. கால்பந்து தெரியாதவர்களுக்கு: கோல்கீப்பர் அல்லாதவர் அங்கே பந்தைக் கையால் பிடித்தால் சந்தேகமே இல்லாமல் அது பெனால்டி. இன்றைக்கு வீடியோ நடுவர் இருந்திருந்தால் பத்து நொடி வேலை.

ஐந்து நிமிடம் கழித்து அன்யோன்மா சமன் செய்தார். இடைவேளைக்குப் பிறகு எமிலி வான் எக்மண்ட், லிசா டி வன்னா என்று ஆஸ்திரேலியா அடுத்தடுத்து இரண்டு போட்டது. 83ஆவது நிமிடத்தில் அன்யோன்மா இன்னொன்று. முடிவு 3-2. கடைசி ஆட்டத்தில் பிரேசிலிடம் 3-0. ஊருக்குத் திரும்பும்போது கணக்கு: மூன்று தோல்வி, இரண்டு கோல், இரண்டும் அன்யோன்மா. அதற்குப் பிறகு இந்த நாடு உலகக் கோப்பைக்குப் போகவில்லை என்பதால் அந்த இரண்டுதான் இன்றுவரை அவர்களுடைய மொத்த உலகக் கோப்பை கோல்கள். ஆட்டத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் பந்தைக் கையால் பிடித்த சம்பவத்தைத்தான் சொல்வார்கள், அந்த இரண்டு கோலைச் சொல்ல மாட்டார்கள். அதில் எனக்குக் கோபமே உண்டு. (இந்தியப் பெண்கள் கால்பந்து அணி இதுவரை ஒரு உலகக் கோப்பையிலும் ஆடியதில்லை என்பதால் நாம் ரொம்பக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை.)

2012இல் மறுபடி போட்டியை நடத்தினார்கள், மறுபடி வென்றார்கள். மலாபோவில் நடந்த இறுதியில் தென்னாப்பிரிக்காவை 4-0 என்று துவைத்தார்கள். அன்யோன்மாதான் போட்டியிலேயே அதிக கோல். அந்த வருஷ ஆப்பிரிக்காவின் சிறந்த பெண் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

அத்தோடு சரி. இதற்கிடையிலேயே காகிதம் கடிக்கத் தொடங்கியிருந்தது. ஜேட் போஹோ ஸ்பெயினில் பிறந்து, ஸ்பெயின் இளையோர் அணிக்கு ஆடியவர். அவரைத் தகுதியில்லாத நிலையில் களமிறக்கியதால் 2012 ஒலிம்பிக் தகுதிச் சுற்றிலிருந்து அணியை நீக்கினார்கள். 2014 ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. 2016இல் களத்தில் தகுதி பெற்றும், பிரேசில்காரர் ஒருவரை ஆட வைத்ததற்காக வெளியேற்றப்பட்டு, தோற்ற மாலி அணிக்கு அந்த இடம் போனது. 2017 அக்டோபரில் பெரிய அடி: ரியோ ஒலிம்பிக் தகுதி ஆட்டங்களில் தகுதியில்லாத பத்துப் பேரை ஆட வைத்ததற்காகவும் போலி ஆவணம் கொடுத்ததற்காகவும் 2019 உலகக் கோப்பையிலிருந்தே ஃபிஃபா விலக்கியது. பத்துப் பேர் என்றால் ஏறக்குறைய ஒரு முழு அணி. ஒரு தடவை தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். இத்தனை வருஷம் இதே வேலை என்றால் அது அந்த நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் கொள்கை.

2018இல் கானாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை கணக்கைக் காட்டிவிட்டது. அதற்கு முன்பே கென்யா தொடுத்த தகுதிப் புகாரில் முதலில் நீக்கி, மேல்முறையீட்டில் திரும்பச் சேர்த்தார்கள். சேர்த்தது அணிக்கு நல்லதா என்றே தெரியவில்லை. ஜாம்பியாவிடம் 5-0, நைஜீரியாவிடம் 6-0, தென்னாப்பிரிக்காவிடம் 7-1. மூன்று ஆட்டத்தில் பதினெட்டு கோல் வாங்கினார்கள். இரண்டு பட்டம் வென்ற நாடு இது. பத்து வருஷம் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த கூட்டமைப்பு, அந்தப் பத்து வருஷத்தில் பாட்டாவிலும் மலாபோவிலும் பன்னிரண்டு வயதுப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்திருந்தால் 2018இல் களத்தில் நிற்க ஒரு தலைமுறை இருந்திருக்கும். இல்லாமல் போனதற்கு அன்றைக்கு மைதானத்தில் நின்று ஏழு கோல் வாங்கிய பெண்கள் பொறுப்பல்ல. வாங்கிய ஏச்சு மட்டும் அவர்களுக்கு.

பிரேசிலிலிருந்து வந்த பெண்களையும் நான் திட்ட மாட்டேன். மார்த்தா மாதிரி உலக நட்சத்திரம் ஆடும் நாட்டில் தேசிய அணியில் இடம் கிடைப்பது லேசா? கிளப்பில் கிடைக்கும் சொற்பச் சம்பளத்தில் காலம் தள்ளும் ஒருத்தியிடம் வந்து "உலகக் கோப்பை ஆடலாம், வா" என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? தகுதி விதியைப் பார்க்க வேண்டியது கூப்பிட்டவர்களின் வேலை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2008, 2012 இரண்டு இறுதியிலும் ஈக்குவடோரியல் கினியாவிடம் தோற்ற தென்னாப்பிரிக்கா அப்படியே உட்கார்ந்துவிடவில்லை. 2018 இறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டியில் தோற்று, 2022இல் ரபாத்தில் மொராக்கோவை 2-1 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். பயிற்சியாளர் டெசிரே எல்லிஸ் அதே நாட்டு அணியின் முன்னாள் தலைவி. அடுத்த வருஷம் உலகக் கோப்பையில் இத்தாலியை வென்று இரண்டாம் சுற்றுக்கும் போனார்கள். நைஜீரியாவைத் தவிர ஆப்பிரிக்கப் பட்டம் வென்ற நாடுகள் இன்றைக்கும் இரண்டே இரண்டுதான், தென்னாப்பிரிக்காவும் ஈக்குவடோரியல் கினியாவும்.

ஆக, மதிப்பு என்ன என்று கேட்டீர்கள். 2008, 2012 இரண்டு பட்டத்தையும் யாரும் பறிக்கவில்லை. பதிவேட்டில் அவை அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. நானும் அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், அன்யோன்மாவுக்காக. கூட்டமைப்புக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதச் சொன்னால் மட்டும் என்னிடம் வராதீர்கள்.