கிணற்று நீரைச் சோதிக்கும் முன்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் பள்ளி மாணவர்களும் ஊர்மக்களும் சேர்ந்து கிணறுகளில் ஃபுளோரைடு (நீரில் கரைந்திருக்கும், அதிகமானால் பல்லில் கறை படியச் செய்யும் பொருள்) அளவைச் சோதிக்கிறார்கள். அதன் அறநெறி பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஆசிரியர், பென்னாகரம்: தண்ணீரைத்தானே சோதிக்கிறோம்? ஆய்வு முறையானதா என்று பார்க்கும் அறநெறிக் குழு எதற்கு?

தண்ணீரோடு நின்றால் பெரும்பாலும் தேவைப்படாது. "பிள்ளைக்குப் பல்லில் கறை உண்டா?" என்று கேட்டுவிட்டால் அது மனிதர் மீதான ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் படியுங்கள்.

காரிமங்கலம்: படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதுமா?

போதாது. கையெழுத்து வேறு, சம்மதம் வேறு. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

பாலக்கோடு: ஊர்ப் பெயரோடு வரைபடம் வெளியிடலாமா?

இதுதான் கடினமான கேள்வி. அமெரிக்காவில் 1979-இல் வந்த பெல்மாண்ட் அறிக்கை, மனிதர் மீதான ஆய்வுக்கான அடிப்படைகளாக மனிதருக்கு மதிப்பு, நன்மை, நீதி என மூன்றைச் சொன்னது. நடைமுறையில் அந்த மதிப்பு தனிமனிதரின் சம்மதமாகச் சுருங்கிவிட்டது. கிணற்றுக்காரர் ஒருவர் சம்மதிக்கிறார். வரைபடத்தில் ஃபுளோரைடு மிகுதியைக் காட்டும் சிவப்புப் புள்ளி தெருவின் மேலேயே விழுகிறது. முன்பற்களில் பழுப்புக் கோடு விழுந்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்தப் புள்ளி என்ன செய்யும்? பலரின் நன்மையை முன்வைப்பவர் "வெளியிடு, குழாய் வரும்" என்பார். மனிதரைக் கருவியாக்காதே என்ற தத்துவவாதி காண்ட்டின் வழி நிற்பவர் தயங்குவார். என் முடிவு: முதலில் குடிப்பவர் கையில் சோதனை முடிவு, பிறகு ஊர்க்கூட்டம், அதன் பிறகே வரைபடம்.

அரூர் வாசகர் (மறுப்பு): நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது. சோதனை முடிவை மூடி வைத்தால், ஒகேனக்கல் குடிநீர் வராத தெருவுக்காக யார் கேட்பது?

உங்கள் கோபம் நியாயமானது. பொதுக் கைப்பம்பின் அளவை உடனே அறிவியுங்கள். நான் தயங்குவது வீட்டுக் கிணற்றுக்கு மட்டும்.

அரூர் வாசகர்: ஊர்ப் பெரியவர்கள் முடிவை மறைக்கச் சொன்னால்?

வரைபடத்தில் பெயர் போடுவதா என்பதை மட்டுமே கூட்டம் முடிவு செய்யலாம். தன் பிள்ளை என்ன குடிக்கிறது என்பதை ஒரு தாய்க்கு மறைக்க யாருக்கும் உரிமை இல்லை, எந்தக் குழுவுக்கும் இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே சொல்லுங்கள். இங்கே அளப்பவரும் குடிப்பவரும் ஒரே வீட்டார். பழைய அறநெறிக் குழுக்கள் ஆய்வாளரை ஒரு பக்கமும் ஆய்வுக்கு உட்படுபவரை மறுபக்கமும் வைத்தே யோசித்தன. குழுவில் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் ஒருவர் உட்கார வேண்டும்.

ஊத்தங்கரை: மாதிரிப் படிவம் கிடைக்குமா?

காரிமங்கலத்தாருக்குச் சொன்னதே உங்களுக்கும். வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். படிவம் அதற்குப் பிறகு.

தேன்கனிக்கோட்டை: யானை நடமாட்டத்தைப் பதிவு செய்கிறோம். அனுமதி?

வனத்துறையைக் கேளுங்கள்.

மொரப்பூர்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடுமா?

போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். முடிவைச் சொல்லப் போகும் மாணவர்கள் இதையும் வீட்டாரிடம் சொல்லட்டும்.