பாடம் ஒப்பிப்பது போலக் கேட்கிறதா?

வணக்கம். சமுதாய வானொலிக்குப் பதிவு செய்த உங்கள் முதல் நிகழ்ச்சியில் 'ப' வரும் இடமெல்லாம் மைக்கில் வெடிப்பது போலச் சத்தம் கேட்கிறது, பேச்சும் பாடம் ஒப்பிப்பது போல இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலாவது எளிது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். 'ப' சொல்லும்போது வாயிலிருந்து வரும் காற்று அதில் நேராக மோதாது.

இரண்டாவதில்தான் வேலை அதிகம். உங்கள் எழுத்துப்படி "மழைநீர் சேகரிப்பின் இன்றியமையாமையைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்குகிறது. யாரும் அப்படிப் பேசுவதில்லையே! "நம்ம மொட்டை மாடியில விழுற மழை எங்க போகுது?" என்று தொடங்கிப் பாருங்கள். எழுதும் முன் விஷயத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, அதை ஃபோனில் பதிந்து, அப்புறம் அதைக் கேட்டே எழுதுங்கள். வானொலி கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி போதும். 1,47,300 என்று வந்தால் "கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம்" என்று சொல்லுங்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பதிவை வெட்டும்போது மூச்சு முழுவதையும் நீக்கிவிடாதீர்கள், பேச்சில் உயிர் போய்விடும்.

சென்னையில் இருந்தால் 90.4 அண்ணா எஃப்.எம். கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய, இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி அது. அடுத்த பதிவையும் இங்கே போடுங்கள், கட்டாயம் கேட்கிறேன்.