கியூபாக்காரர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிகாகோ வந்து எட்டு மாதம் ஆகிறது, வேலையிடத்து மதியச் சாப்பாட்டு மேசையில் பேஸ்பால் தவிர வேறு பேச்சில்லை, அதனால் கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணோடு இந்த ஊர் அணியான வொயிட் சாக்ஸின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். பழைய ஆட்டங்களையும் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். "கியூபாவிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, குடும்பம் கூட இல்லை, ஊருக்குத் திரும்பவும் முடியாது. ஆனாலும் வந்த முதல் ஆண்டே வெளுத்து வாங்குகிறார்கள். எனக்கு விசா, வேலை, ஆங்கிலம் மூன்றும் இருந்தும் நாலு பேரோடு நிம்மதியாகப் பேச முடியவில்லை. என்னிடம் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறை உங்களிடம் இல்லை, நீங்கள் போட்ட கணக்கில் இருக்கிறது. தொலைக்காட்சியில் தெரிகிறவர்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். ருஸ்னி காஸ்டியோ என்ற கியூபா வீரரின் பெயரை உங்கள் சாப்பாட்டு மேசையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2014இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 7.25 கோடி டாலர் பேசியது. இங்கே உச்சநிலைத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீகில் அவர் ஆடியது மொத்தம் 99 ஆட்டம். மீதிக் காலமெல்லாம் பாடக்கெட் என்ற சிறிய ஊரில், அதற்குக் கீழ்ப்படியான மைனர் லீகில் கழிந்தது. பணம் வந்தது, ஆட்டம் வரவில்லை. இப்படி இன்னும் சிலர் உண்டு.

அடுத்து அந்த "முதல் ஆண்டு". ஹோசே அப்ரேயு 2014இல் சிகாகோவுக்கு வந்து 36 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார், .317 என்ற சராசரி (பத்து முயற்சிக்கு மூன்றுக்கு மேல் நல்ல அடி) வைத்திருந்தார், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகமாக ஒருமனதாகத் தேர்வானார். ஆனால் அவருக்கு அப்போது 27 வயது. பத்தாண்டுக் காலம் சியென்ஃபுவேகோஸ் அணிக்கு ஆடியவர். 2010–11 பருவத்தில் கியூபாவின் தேசியத் தொடரில் 66 ஆட்டங்களில் 33 ஹோம் ரன், சராசரி .453. ரஞ்சிக் கோப்பையில் பத்து வருடம் ரன் குவித்த ஒருவரை வேறு நாட்டில் இறக்கிவிட்டு 'புதுமுகம்' என்று அழைப்பது போன்றது அது. கியூபாவில் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே விளையாட்டுப் பள்ளிகளில் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வளர்க்கிறார்கள். கடலைத் தாண்டி வந்த வைராக்கியம்தான் ஹோம் ரன்னாக மாறியது என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கடலைத் தாண்டுவதற்கு முன்பே அந்த மனிதருக்கு அடிக்கத் தெரியும்.

பந்துவீச்சு மேட்டிலிருந்து அடிப்பவரின் தட்டுவரை 60 அடி 6 அங்குலம். ஹவானாவிலும் அவ்வளவுதான், சிகாகோவிலும் அவ்வளவுதான். மைதானத்துக் கோட்டுக்குள் நிற்கிறவரை அவர்கள் வெளிநாட்டில் இல்லை. வேலை நேரத்தில் கணினித் திரை முன்னால் உங்களுக்கும் அந்நிய உணர்வு வருவதில்லை என்று நினைக்கிறேன். தொல்லை எல்லாம் கோட்டுக்கு வெளியே. ஊரில் ஒரு பருவத்துக்கு 90 ஆட்டம் ஆடியவர்கள் இங்கே 162 ஆட வேண்டும், நேர மண்டலங்களைத் தாண்டித் தாண்டிப் பறந்தபடி. சாப்பாடு வேறு. 1995இல் மெக்சிகோவின் மொன்டெரேயில் கியூபா அணியை விட்டுத் தப்பி வெளியேறிய பந்துவீச்சாளர் லிவான் எர்னாண்டஸ், மைனர் லீகில் இருந்தபோது காரில் இருந்தபடியே வாங்கும் பர்கர் கடைகளைக் கண்டுபிடித்து உடம்பு ஏற்றிக்கொண்டார். சிரிக்காதீர்கள். நான் வந்த முதல் குளிர்காலத்தில் எட்டு கிலோ ஏறியது, எனக்கு யாரும் சம்பளத்தோடு பயிற்சியாளர் வைக்கவில்லை. அதே லிவான் 1997இல் ஃபுளோரிடா மார்லின்ஸை வெற்றிபெற வைத்து, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார். கடைசி ஆட்டத்துக்கு அவருடைய அம்மா கியூபாவிலிருந்து வர அனுமதி கிடைத்தது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஹோசே கான்ட்ரேராஸ். அவர் கதை எனக்குக் கொஞ்சம் சொந்தக் கதையும்கூட.

பினார் தெல் ரியோ மாகாணத்துக்காரர். ஃபிடல் காஸ்ட்ரோவே 'வெண்கல மாவீரன்' என்று பட்டம் கொடுத்த பந்துவீச்சாளர். 2002இல் மெக்சிகோவில் ஒரு போட்டிக்குப் போன இடத்தில் அணியை விட்டு விலகினார். மனைவியும் இரண்டு மகள்களும் ஊரில். நியூயார்க் யாங்கீஸ் நான்கு ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர் கொடுத்தது. நியூயார்க்கில் அவர் தடுமாறினார். 2004இல் அங்கே ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஐந்தரை ரன்னுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பணம் வாங்கியவர் அப்படிக் கொடுத்தால் அந்த ஊர்ப் பத்திரிகைகள் விட்டுவைக்குமா? அந்த ஜூன் மாதம் குடும்பம் படகில் ஃபுளோரிடா வந்து சேர்ந்தது.

அப்போது என் மனைவியும் மகளும் திருநெல்வேலியில் விசாவுக்குக் காத்திருந்தார்கள், பதினான்கு மாதமாக. பேஸ்பாலின் அரிச்சுவடிகூடத் தெரியாத நான் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்தேன். என் நிலையும் அவர் நிலையும் ஒன்றல்ல என்று அப்போதே தெரியும். எனக்குத் தடையாக இருந்தது ஒரு வரிசை. அவருக்குத் தடையாக இருந்தது இரண்டு அரசாங்கங்களும் ஒரு கடலும். ஆனாலும் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவனுக்குச் செய்தித்தாளில் எவராவது துணை வேண்டியிருக்கிறது.

குடும்பம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஜூலை கடைசியில் யாங்கீஸ் அவரை எங்கள் வொயிட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டது. இங்கே வந்தும் அந்த ஆண்டு ஐந்து ரன்னுக்குக் கீழே இறங்கவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். அவர்கள் வந்த பிறகு முதல் மூன்று மாதம் நாங்கள் மூவரும் சேர்ந்து தடுமாறினோம், அதற்கு முன்பு நான் ஒருவன்தான் தடுமாறினேன்.

2005இல் என்ன மாறியது? அணியின் மேலாளர் ஓசி கியென், வெனிசுவேலாக்காரர். கடிந்தாலும் கொஞ்சினாலும் ஸ்பானிஷிலேயே கடிவார், கொஞ்சுவார். அதே ஆண்டு ஓர்லாண்டோ எர்னாண்டஸ் சிகாகோவுக்கு வந்தார். 'எல் டூகே' என்றால்தான் இங்கே தெரியும், லிவானின் அண்ணன், அப்பா ஒருவர், அம்மா வேறு. தம்பி ஓடிப்போன பிறகு அண்ணனைக் கியூபாவில் ஆடவிடாமல் தடை செய்தார்கள். 1997 கிறிஸ்துமஸ் மறுநாள் படகேறி, பஹாமாஸ் தீவொன்றில் மாட்டிக்கொண்டு, கோஸ்டா ரிக்கா வழியாக யாங்கீஸ் வந்து, மூன்று உலகத் தொடர் வென்றவர். அடிபட்டு, காத்திருந்து, பிரிந்திருந்து, எல்லாவற்றையும் முன்பே கடந்த மனிதர் பக்கத்து லாக்கரில் வந்து உட்கார்ந்தார்.

அந்த ஆண்டு கான்ட்ரேராஸ் 15 வெற்றி, 7 தோல்வி. ஆகஸ்ட் நடுவிலிருந்து பருவம் முடியும்வரை தொடர்ந்து எட்டு வெற்றி. அக்டோபரில் பாஸ்டனில், ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் எதிரணி ஆள், ஒருவரும் அவுட் இல்லை, நமக்கு ஒரே ஒரு ரன் முன்னிலை என்ற நிலையில் எல் டூகேயை உள்ளே அனுப்பினார்கள். மூன்று பேரையும் ரன் இல்லாமல் திருப்பி அனுப்பினார். உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை கான்ட்ரேராஸ் வென்றார், அணி நான்குக்குப் பூஜ்யம் என்று கோப்பையைத் தூக்கியது. 88 ஆண்டுக்குப் பிறகு. அன்றிரவு எங்கள் தெருவில் கார் ஹாரன் சத்தத்தில் மகள் தூங்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அணியும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை முழுநேரமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2016இல்தான் வந்தது. அதற்கு முன்பு யாராவது சக வீரர் பாதியை விழுங்கி மீதியைச் சொல்லுவார். ஓக்லண்ட் அணி 2012இல் யோனிஸ் செஸ்பெதெஸை எடுத்தபோது, அதே அணிக்கு முன்பு பந்துவீசிய கியூபாக்காரரான ஏரியல் பிரியெட்டோவைக் கூடவே வைத்தது. அது வெறும் மொழிபெயர்ப்பு வேலை இல்லை. வீடு பிடிப்பது, காசோலை எழுதுவது, சாப்பாட்டுக் கடையில் பட்டியலைப் படிப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

இப்போது அப்ரேயுவுக்கு வருகிறேன். 2013இல் படகில் ஹைட்டிக்குப் போனார். நேரே அமெரிக்காவுக்கு வந்து குடியேறினால் இந்த நாட்டுக் கல்லூரி மாணவர்களைப் போல அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்குள் போக வேண்டும். வேறொரு நாட்டில் வசிப்பிடம் காட்டினால்தான் தனக்குப் பிடித்த அணியோடு விலை பேசலாம். அந்த விதியில்தான் ஆட்கடத்துகிறவர்கள் பிழைத்தார்கள். ஒப்பந்தம் 6.8 கோடி டாலர், குறித்த நாளுக்குள் இங்கே இருக்க வேண்டும். பொய்ப் பெயரில் ஹைட்டிப் பாஸ்போர்ட்டோடு மியாமி விமானம் ஏறினார். நடுவானில் ஒரு பீர் வாங்கி, புகைப்படம் இருந்த பக்கத்தைக் கிழித்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டார். இதை 2017இல் மியாமி நீதிமன்றத்தில், ஆட்கடத்தல் வழக்கில் அவரே சாட்சியாகச் சொன்னார். குடிவரவு வரிசையில் பதில் தடுமாறியதற்கே உங்களுக்கு வியர்த்ததாக எழுதியிருந்தீர்கள்.

அவர் சட்டை எண் 79. அப்படி ஓர் எண்ணை இங்கே அதிகம் பேர் போட மாட்டார்கள். வித்தியாசமாக இருந்தால் மறக்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னாராம். சின்ன மகனை ஊரில் விட்டு வந்தார். 2015 டிசம்பரில் மேஜர் லீக் நல்லெண்ணப் பயணமாக வீரர்களை ஹவானாவுக்கு அழைத்துப் போனபோதுதான், இரண்டு ஆண்டுக்கு மேலான பிரிவுக்குப் பிறகு, அந்தப் பையனைப் பார்த்தார். ஆனால் கவனியுங்கள், 2014இல் அவர் சிகாகோவில் நுழைந்தபோது அலெக்ஸேய் ராமிரெஸும் தயான் வியெசீதோவும் அதே அணியில் இருந்தார்கள், இருவரும் கியூபாக்காரர்கள். மைதானத்துக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்த எண்பது வயது கடந்த ஒரு பெரியவரும் இருந்தார், அணியின் பழைய கியூபா வீரர் மினி மினோசோ. பின்னாளில் யோவான் மொன்காதாவும் லூயிஸ் ராபர்ட்டும் வந்தபோது வீட்டுப் பெரியவர் இடத்தில் அப்ரேயு இருந்தார். 2020இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரராகவும் ஆனார்.

மினோசோ வந்த காலம் வேறு. 1951 மே 1, வொயிட் சாக்ஸின் முதல் கறுப்பின வீரர், அந்த அணிக்காக முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன். பந்து உடம்பில் பட்டவர்கள் பட்டியலில் பத்துப் பருவங்கள் லீகிலேயே முதலிடம் அவருக்குத்தான். ஒதுங்காமல் நிற்பது அவர் பாணி என்பார்கள். பாணி மட்டும்தானா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் தென் மாநிலங்களில் கறுப்பினக் கியூபா வீரர்கள் சக வீரர்களோடு ஒரே உணவகத்தில் உட்கார முடியாது. பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2022இல், அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து.

கியூபாப் பந்துவீச்சாளர் லூயிஸ் தியாந்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1961இல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தபோது, திரும்பி வராதே என்று தகப்பனார் சொல்லிவிட்டார். கியூபாவில் தொழில்முறை ஆட்டத்தையே ஒழித்துவிட்ட ஆண்டு அது. பதினான்கு வருடம் தகப்பனாரைப் பார்க்கவில்லை. 1975இல் ஓர் அமெரிக்க செனட்டர் காஸ்ட்ரோவிடம் கேட்டு, பெற்றோர் பாஸ்டனுக்கு வந்தார்கள். அந்தத் தகப்பனாரும் பந்துவீச்சாளர்தான், நிறவேற்றுமைக் காலத்தில் கறுப்பின லீகுகளில் வீசியவர், மேஜர் லீக் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. மகன் ஆடிய பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஃபென்வே மைதானத்தில் மரியாதைக்கு முதல் பந்தை வீசச் சொன்னார்கள். கோட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு வீசினார். பந்து தாழ்ந்து போனது. சடங்குதானே என்று விடவில்லை, பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி மறுபடி வீசினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒரு வரி: "யாரையும் தொந்தரவு செய்ய விரும்பவில்லை." எட்டு மாதமாக இதே ஊரில், உங்கள் குடியிருப்பிலிருந்து இருபது நிமிடத்தில் நான் இருக்கிறேன். சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குத் தனியாக அலைந்திருக்கிறீர்கள், காய்ச்சலில் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். நான் வந்த வருடம் திண்டுக்கல்காரர் ஒருவர் ஒரு பழைய கம்பளிக் கோட்டும் அரிசிப் பையும் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவரை நான் கேட்கவில்லை, இப்போது நீங்களும் என்னைக் கேட்கவில்லை. ஆகையால் நானே சொல்கிறேன்.

வரும் சனிக்கிழமை பகல் ஆட்டம். ரெட் லைனில் ஏறி 35ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்குங்கள். மைதானத்துக்குள் மினோசோவின் வெண்கலச் சிலை இருக்கிறது, அங்கே நில்லுங்கள், என் மனைவியும் வருகிறாள். டிக்கெட் கிடைக்குமா என்று கவலைப்படாதீர்கள். 2024இல் 121 ஆட்டம் தோற்ற அணி இது, இடம் இருக்கும். ஆட்டம் முடிந்து நம் வீட்டில் சாப்பாடு. வத்தக்குழம்பா சாம்பாரா என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.